பறிமுதல் செய்த பேய்களும் விட்டுவைத்த பேய்களும்: எங்கள் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தாளாளர், முதல்வர், நூலகக் குழு உறுப்பினர்கள், பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகள் எல்லோருக்கும்,

சென்ற வாரம் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் நீங்கள் போட்ட சுற்றறிக்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். மர்மம், திகில், பேய், கொலை சம்பந்தப்பட்ட தமிழ் நாவல்கள் எல்லாம் பள்ளி நூலகத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன, மாணவர்கள் வீட்டிலிருந்தும் அவற்றைக் கொண்டுவரக் கூடாது, பையில் இருந்தால் பறிமுதல் செய்யப்படும், பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும் என்கிறது அது. அந்தக் குழுவில் அட்மின்கள் மட்டும்தான் பதிவு போட முடியும் என்பதால் அங்கே பதில் சொல்ல வழியில்லை. அலுவலகத்தில் கேட்டேன். 'மேனேஜ்மென்ட் முடிவு சார்' என்றார்கள். சரி, மேனேஜ்மென்டிடமே கேட்டுவிடலாம், அதையும் நாலு பேர் படிக்கும்படி கேட்கலாம் என்று இந்த மடல்.

உங்கள் பள்ளியில் என் மகள் ஒன்பதாம் வகுப்பும் மகன் ஏழாம் வகுப்பும் படிக்கிறார்கள். மதுரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதே இடத்தில் அதற்கு முன்னால் பல வருடம் வாடகை நூல் நிலையம் நடத்தினேன். செல்போன் வந்தபிறகு கூட்டம் குறைந்து, கடைசியில் மூடும்படி ஆனபோது, இருந்த புத்தகங்களில் ஒரு பகுதியை அட்டைப்பெட்டிகளில் கட்டி உங்கள் நூலகத்துக்குத்தான் கொடுத்தேன். இப்போது நீங்கள் காலி செய்திருக்கும் தட்டுகளில் பெரும்பாலும் இருந்தவை அவைதான். கொடுத்த பொருளைச் சொல்லிக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கொடுக்கும்போது நூலகர் அம்மாவும் நானும் பள்ளி விட்டபிறகு உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டிப் பார்த்தோம். 'இது அட்டைப்படமே சரியில்லை', 'இது காலேஜ் பிள்ளைகளுக்கு', 'இதில் அந்த அஞ்சாம் அத்தியாயம் வேண்டாம்' என்று அவர் ஒதுக்கிய கட்டுகளை மறுபடி ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதாவது, எது பிள்ளைகள் கையில் இருக்கலாம், எது கூடாது என்கிற வேலை உங்கள் பள்ளியில் ஏற்கெனவே நடந்து முடிந்த வேலை. அதைச் செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தட்டுகளைக் காலி செய்திருக்கிறீர்கள். அன்றைக்கு அவரை ஏதோ வகுப்புக்கு மேற்பார்வைக்கு அனுப்பியிருந்தார்களாம், திரும்பி வந்து பார்த்தால் அலமாரி காலி.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது நூலகத்தை எட்டிப் பார்த்தேன். தமிழ் அலமாரியில் காலியான இடத்தில் நீட் வழிகாட்டிகளும், வெற்றி பெறுவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்களும் நிற்கின்றன. நேர் எதிரே ஆங்கில அலமாரி. அதில் ஒரு தூசி கூட நகரவில்லை! ஆர்.எல். ஸ்டைனின் கூஸ்பம்ப்ஸ் வரிசை அப்படியே இருக்கிறது, ஒரு அட்டையில் மரப்பொம்மை பல்லைக் காட்டுகிறது. பக்கத்தில் ட்ராகுலாவின் சுருக்கப் பதிப்பு. ஷெர்லாக் ஹோம்ஸ், அகதா கிறிஸ்டி எல்லாம் உண்டு. ரத்தம் குடிப்பவர் இருக்கலாம், ஆனால் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு இருக்கக் கூடாதா என்று அங்கே நின்ற ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். 'அது படிச்சா இங்கிலீஷ் டெவலப் ஆகும் சார்' என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பாவம், சொல்லச் சொன்னதைச் சொல்கிறார். ஆனால் இந்தக் கணக்கை நீங்கள்தான் எனக்கு விளக்க வேண்டும். ஆங்கிலத்தில் வந்தால் பேய் மொழி வளர்க்கும், தமிழில் வந்தால் பிள்ளையைக் கெடுக்குமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் விட்டுவைத்திருக்கும் அந்த கூஸ்பம்ப்ஸ் 1992இல் வர ஆரம்பித்தது. அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் 'இதை எடுங்கள்' என்று அதிகம் புகார் வந்த புத்தகங்களை அமெரிக்க நூலகச் சங்கம் பட்டியல் போட்டபோது, அந்த வரிசை பதினைந்தாவது இடத்தில் இருந்தது. முதல் இடம், சிறுவர்களுக்காக ஆல்வின் ஷ்வார்ட்ஸ் தொகுத்த பேய்க்கதைப் புத்தகங்களுக்கு. அங்கே எதை எடு எடு என்று சண்டை போட்டார்களோ அதையே நீங்கள் நல்ல புத்தகம் என்று வைத்திருக்கிறீர்கள். வைத்திருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை, என் மகளும் அதைப் படித்துச் சிரித்தவள்தான். அதே தாராளம் சாம்புவுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சாம்புவைப் பார்த்துப் பயந்த பிள்ளை இந்த உலகத்தில் உண்டா? பேங்க் குமாஸ்தா, அசடு, ஒவ்வொரு கேஸிலும் தற்செயலாகத் தடுக்கி விழுந்து குற்றவாளியைப் பிடித்துவிட்டு, அது எப்படி நடந்தது என்று தனக்கே தெரியாமல் முழிக்கிற ஆள். 1940களில் ஆனந்த விகடனில் வந்தது. கொள்ளுத்தாத்தாக்கள் சிரித்துப் படித்த கதை. தலைப்பில் 'துப்பறியும்' என்று இருந்ததால் பெட்டிக்குள் போயிருக்கிறது என்றுதான் ஊகிக்க முடிகிறது. எடுத்தவர்கள் உள்ளே ஒரு பக்கத்தைக் கூடப் புரட்டவில்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். என் மகன் அந்தப் புத்தகத்தைப் பாதி படித்திருந்தான். அவன் ஆங்கிலத்தில் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், தமிழில்தான் வேகம். நூலக வகுப்பில் அவன் விரும்பிக் கையில் எடுத்த முதல் தமிழ்ப் புத்தகம் அது. பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தானாம், டிக்கெட்டோடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வாரம் நூலக வகுப்பில் என்னடா படித்தாய் என்றால், 'சும்மா உட்கார்ந்திருந்தேன்பா' என்கிறான்.

இந்த முடிவு எங்கிருந்து வந்தது என்பது எனக்கும் காதில் விழுந்தது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பேய் நாவல் படித்துவிட்டு நாலைந்து ராத்திரி தூங்கவில்லை, பாத்ரூம் போகக் கூட அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறான், பெற்றோர் வந்து புகார் கொடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, என் பிள்ளை அப்படிக் கிடந்தால் நானும் வந்திருப்பேன். ஆனால் நான் விசாரித்த வரையில் அந்தப் பையன் படித்தது உங்கள் நூலகப் புத்தகமே இல்லை, உறவினர் வீட்டில் கிடந்த பெரியவர்களுக்கான மாத நாவல். பதினோரு பன்னிரண்டு வயதுப் பையனிடம் 'தம்பி, இது உனக்கு இப்போ வேண்டாம், இதோ இதை எடு' என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இல்லை. அந்த வேலைக்குத்தானே பள்ளியில் நூலகரை வைத்திருக்கிறோம்? அவருடைய அலமாரியையே நீங்கள் காலி செய்துவிட்டால் அடுத்த பையனும் உறவினர் வீட்டுப் பரணில்தான் தேடுவான், இல்லையென்றால் போனில் தேடுவான். போனில் ஓடுகிற திகில் வீடியோக்களை யாரும் வகுப்பு வாரியாகப் பிரித்து வைக்கவில்லை. புத்தகமாக இருந்தால் பயம் தாங்காதபோது மூடி வைத்துவிட்டு விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். போனில் ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக வந்து நிற்கிறது.

கடை நடத்திய காலத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பள்ளி விட்டு நேராக வருகிற பையன்கள் முதலில் கேட்பது காமிக்ஸ். பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, என் கடையிலும் அந்தப் பழைய இதழ்களுக்குத்தான் அடிதடி. அதை முடித்தவன் தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லாலுக்கு வருவான். அடுத்து ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் சுசீலா, சுபாவின் நரேந்திரன் வைஜெயந்தி. சிலர் சுஜாதாவுக்கு வந்து, அங்கிருந்து மெதுவாக அசோகமித்திரன், ஜானகிராமன் என்று கேட்க ஆரம்பிப்பார்கள். எல்லோரும் அப்படி ஏறிப் போனார்கள் என்று கதை விடமாட்டேன். முக்கால்வாசிப் பேர் க்ரைம் நாவலோடு நின்றார்கள். நின்றால் என்ன? படித்தார்கள். இன்றைக்கு என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிற சிலர், அவர்களுக்கே கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள், 'அண்ணே, அந்த விவேக் ரூபலா கட்டு இன்னும் இருக்கா' என்று கேட்கிறார்கள்.

நாவல்களின் முதல் பக்கத்தில் பென்சிலால் 'டாக்டர்தான் கொலைகாரன், படிக்காதே' என்று எவனாவது எழுதி வைத்திருப்பான். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் 'பொய், நம்பாதீங்க' என்று இருக்கும். அதற்கும் கீழே மூன்றாவது ஆள், '74ஆம் பக்கத்துல கையுறை பத்தி வருது, கவனி' என்று எழுதியிருப்பான். ரப்பர் வைத்து அழிப்பதே என் மனைவிக்கு ஒரு வேலையாக இருந்தது. ஆனால் அந்த மூன்றாவது ஆளைப் பாருங்கள். சொன்னதை அப்படியே நம்பாமல் பக்க எண் போட்டு ஆதாரம் காட்டுகிறான். இப்படி எழுத அவனுக்கு யாரும் மதிப்பெண் கொடுக்கவில்லை. உங்கள் பள்ளியில் அறிவியல் செய்முறை நோட்டில் இதைத்தான் எழுத வைக்கப் படாத பாடு படுகிறீர்கள்.

மூடநம்பிக்கை வளரும் என்கிறது சுற்றறிக்கை. எந்தக் கதையைப் படித்துவிட்டு இப்படிச் சொல்கிறீர்கள்? கானன் டாயல் 1902இல் வெளியிட்ட பாஸ்கர்வில் நாய்க் கதை உங்கள் ஆங்கில அலமாரியிலேயே இருக்கிறது. ஊரே சாபம் என்று நடுங்குகிற இடத்தில் ஹோம்ஸ் காலடித் தடத்தைப் பார்க்கிறார். நாயின் வாயில் நெருப்பு எப்படி வந்தது என்பதை வேதியியல் ஆசிரியரை விட்டு விளக்கச் சொன்னால் அரை மணி நேரப் பாடம் ஆகிவிடும். சுஜாதாவின் கொலையுதிர் காலத்தில் பேயா, அறிவியலா என்று வக்கீல் ஜோடி கணேஷும் வசந்தும் முட்டி மோதிக்கொள்வதுதான் கதையே. 1990களில் தொலைக்காட்சியில் மர்ம தேசம் ஓடியபோது இந்த ஊரே தெருவைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்து பார்த்தது. அதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் நம் மதுரைக்காரர், 2024 நவம்பரில் இறந்துபோனார். அவர் புத்தகமும் உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது. கருப்பசாமி பயத்துக்குப் பின்னால் மனித மனம் என்னென்ன வேலை செய்யும் என்று அவர் எழுதியது மூடநம்பிக்கையா, அதைத் தோண்டிப் பார்க்கிற வேலையா என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையே விவாதிக்க விடுங்களேன்.

அச்சம் நம் இலக்கியத்துக்குப் புதுசும் இல்லை. தொல்காப்பியம் உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. முதலாவது பேய்க்கதை, மூன்றாவது க்ரைம் நாவல், நம் ஆட்கள் அப்போதே அலமாரி பிரித்து வைத்துவிட்டார்கள். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிப் பந்தி போட்டுச் சாப்பிடுகின்றன, அதன் பக்கத்தில் வைத்தால் மாத நாவல் பேய்கள் எல்லாம் பால்குடிப் பிள்ளைகள். காரைக்கால் அம்மையார் பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர், அறுபத்துமூவரில் ஒருவர். உங்கள் சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து அமல்படுத்தினால் தமிழ் ஆசிரியரின் பையையும் சோதனை போட வேண்டியிருக்கும்.

சரி, உங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. தமிழில் மாத நாவல்கள் பெரும்பாலும் பெரியவர்களுக்காக, பஸ் ஸ்டாண்டிலும் ரயிலிலும் விற்பதற்காக எழுதப்பட்டவை. சிலவற்றின் அட்டையை வீட்டுக் கூடத்தில் வைக்க முடியாது. பெண்ணுக்கு நடக்கிற கொடுமையைச் சுவாரஸ்யத்துக்காக இழுத்து இழுத்து வர்ணிப்பவை உண்டு, அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நானும் சம்மதிக்கமாட்டேன். வங்காளத்தில் சத்யஜித் ராய் 1965இல் துப்பறிவாளர் ஃபெலுடாவை எழுத ஆரம்பித்ததே சிறுவர் பத்திரிகையான சந்தேஷில்தான். அது அவருடைய தாத்தா தொடங்கிய பத்திரிகை. கதை சொல்கிறவனே பதின்ம வயதுப் பையன் தோப்ஷே. பதின்ம வயதுக்கென்றே அளவெடுத்து எழுதிய அந்த மாதிரி மர்மக்கதை தமிழில் குறைவு. பேய்க்கதை இன்னும் குறைவு. பதினான்கு வயதுக்காரனுக்குக் கையில் எடுத்துக் கொடுக்கத் தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்கே தேடித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பற்றாக்குறை இருக்கும்போது இருப்பதையும் பெட்டியில் போட்டுப் பூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே எழுதுகிறவர்கள் வருவார்கள், பதிப்பகங்கள் போடும்?

நூலகர் அம்மா என்னிடம் கேட்டால் நான் என்ன கொடுப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'எதைத் தேர்ந்தெடுப்பது என்று எங்களுக்குத் தெரியாது' என்று நீங்கள் சொல்ல இடம் வைக்கக் கூடாது. ஆறிலிருந்து எட்டு வரை சாம்பு, மாயாவி, சங்கர்லால். சங்கர்லால் கதையில் பயம் குறைவு, வேகம் அதிகம், ஊர் ஊராகப் பறப்பார், டீ குடித்தே யோசிப்பார், ஒரு ஆபாச வரி இருக்காது, தமிழும் சுத்தமாக இருக்கும். கூடவே விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகள். முருங்கை மரத்தில் பிணம் தொங்குகிற கதையைத்தானே நாமெல்லாம் ஆறேழு வயதில் பாட்டியிடம் கேட்டோம். ஒன்பது, பத்துக்கு ஃபெலுடா, தமிழ் மொழிபெயர்ப்பிலேயே கிடைக்கிறது. ராஜேஷ்குமாரில் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது, அதில் விஞ்ஞானத்தை வைத்து எழுதியவற்றைப் பொறுக்கி எடுத்தால் ஒரு தட்டு நிறையும். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குக் கொலையுதிர் காலம், கரையெல்லாம் செண்பகப்பூ. வசந்த் அடிக்கிற சில ஜோக்குகள் அந்த வயதுக்குக் கொஞ்சம் முன்னால் போகும், ஆனால் அவர்கள் வகுப்பறையிலேயே அதைவிட மோசமாக அடித்துக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். புதுமைப்பித்தனின் காஞ்சனை கட்டாயம் இருக்க வேண்டும். பேய் வந்ததா இல்லையா என்று கடைசி வரை சொல்லாமல் நம்மை விட்டுவிட்டுப் போகிற கதை, படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள், போடட்டும். மேரி ஷெல்லி ஃபிராங்கன்ஸ்டைனை எழுத ஆரம்பித்த 1816இல் அவருக்கு வயது 18. உங்கள் பிளஸ் டூ பிள்ளைகளைவிட ஒரு வயது கூட இருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, தெற்கத்தி ஊர்களின் நீலி, இசக்கி கதைகள். நம் ஊர்ப் பேய்கள் முக்கால்வாசி அநியாயமாகச் செத்துப்போன பெண்கள். ஏன் செத்தாள், யார் காரணம் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தால் பதில் சொல்ல ஆசிரியர்களுக்குத் தைரியம் வேண்டும், அது வேறு விஷயம்.

பொன்னியின் செல்வன் படம் 2022இலும் 2023இலும் வந்தபோது உங்கள் பள்ளியே கூட்டமாகப் போய்ப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? அப்போது என் மகள் வந்து கேட்டது ஒரே கேள்வி, 'அப்பா, கரிகாலனை நிஜமாவே யாருப்பா கொன்னது?' ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைத்தான் கேட்டாள். கல்கி அந்த நாவலில் அதை முடிச்சாகவே விட்டுவிட்டார். ஆனால் காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடிக் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களை அது சொல்கிறது, அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய சொத்தைப் பறிமுதல் செய்ததைப் பற்றிய கல்வெட்டு அது. கொலை நடந்து எத்தனையோ வருடம் கழித்து ஏன் நடவடிக்கை, இடையில் ஆண்ட உத்தம சோழன் ஏன் ஒன்றும் செய்யவில்லை, அவருக்குப் பங்கு உண்டா? நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். இரண்டு பெரிய வரலாற்று அறிஞர்கள் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கொலைக் கேஸில் எதிரெதிர் பக்கம் நிற்கிறார்கள்! இதை நான் மகளிடம் சொன்னதும் அவள் உட்கார்ந்து ஒரு தாளில் யார் யாருக்கு என்ன லாபம் என்று கோடு போட ஆரம்பித்துவிட்டாள். வரலாற்றுப் பாடத்தில் சோழர் காலத்தை அவள் அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தாள். ஏற்கெனவே துப்பறியும் கதை படித்துப் பழகிய பிள்ளை என்பதால்தான் அந்தக் கேள்வியே அவளுக்கு வந்தது என்பது என் கட்சி.

நூலகத்துறையில் நம் நாட்டுக்கே வழிகாட்டிய எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது ஒன்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது இன்னொன்று. உங்கள் நூலகச் சுவரில் அவர் படம் மாட்டியிருக்கிறது. படத்துக்கு நேர் கீழேதான் அந்தக் காலித் தட்டுகள்.

இனி நான் கேட்பவை. முதலாவது, எடுத்த புத்தகங்களை எங்கே வைத்திருக்கிறீர்களோ அங்கேயே வையுங்கள், பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் மூட்டை கட்டிக் கிடப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள், மழைக் காலம் வேறு, கீழே ஒரு பலகையாவது போடுங்கள். பள்ளிக்கு வேண்டாம் என்பது முடிவானால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள், நானே வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொள்கிறேன்.

அப்புறம், அந்தப் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்க நூலகர் அம்மாவின் தலைமையில் ஒரு சிறு குழு போடுங்கள். தமிழ் ஆசிரியர் ஒருவர், புகார் கொடுத்த பெற்றோரில் ஒருவர், என்னைப் போல ஒருவர், கூடவே கட்டாயமாக இரண்டு மாணவர்கள். புகார் கொடுத்தவர்கள் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். ஒரு புத்தகம் வேண்டாம் என்றால் எந்தப் பக்கம், எதற்காக என்று நோட்டில் எழுதி வைக்கட்டும். மீதியை ஆறு முதல் எட்டு, ஒன்பது பத்து, பிளஸ் ஒன் பிளஸ் டூ என்று மூன்று தட்டாகப் பிரித்து, முதுகில் நிற ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் போதும். ஸ்டிக்கர் செலவு என்னுடையது, கடையிலேயே இருக்கிறது.

எந்த அளவுகோல் வைத்தாலும் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் அதே அளவுகோலாக இருக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. தன் பிள்ளை பேய்க்கதை படிக்க வேண்டாம் என்று நினைக்கிற பெற்றோர் எழுதிக் கொடுக்கட்டும், அந்தப் பிள்ளையின் நூலக அட்டையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அது அவர்கள் உரிமை. என் பிள்ளைக்கு எது வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்வதை ஏற்க முடியாது.

பையைச் சோதனை போட்டுப் புத்தகத்தைப் பறிமுதல் செய்யும் விதியை இந்த வாரமே திரும்பப் பெறுங்கள். பையில் செல்போன் இருந்தால் பிடியுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. புத்தகத்தைப் பிடிப்பதைப் பள்ளிக்கூடம் செய்யக் கூடாது. இந்த ஆண்டு தமுக்கத்தில் புத்தகத் திருவிழா வரும்போது நூலகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பதின்ம வயதினருக்கான தமிழ் மர்மக் கதைகளுக்கு ஒதுக்குங்கள், வாங்கப் போகும்போது நூலகர் அம்மாவோடு நாலு மாணவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால் எழுத்தில் பதில் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டாலும் சரிதான், ஆனால் அன்றைக்கு மட்டுமாவது குழுவைத் திறந்து வையுங்கள், மற்ற பெற்றோரும் பேசட்டும். இன்னொரு விஷயம்: ஏழாம் வகுப்பு பி பிரிவில் வாங்கிய துப்பறியும் சாம்புவில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருக்கும், குழு கூடும் வரை காத்திருக்காமல் அதை மட்டும் உடனே கொடுத்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவியின், ஏழாம் வகுப்பு மாணவனின் தகப்பன், மதுரை